சட்டையை மறந்துவிட்டேன், கொடுத்தனுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். போன வாரம் ஐரோப்பிய இடைக்காலம் பாடம். பாதிரியார்களையும் துறவிகளையும் தவிர அப்போது யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, அதனால்தான் இருண்ட காலம் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "அப்போ வீட்ல இருந்த பொம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க என்ன நினைச்சாங்கன்னு யாருக்குமே தெரியாதா சார்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. நான் சொன்னது சரிதானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

நாளைக்கே வகுப்புக்குப் போய், தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். எல்லா ஊரைப் பற்றியும் தெரியாது. ஆனால் ஒரு ஊரில், வெளியூர் போன ஆள் வீட்டுக்கு எழுதியது, வராமல் போனவனுக்கு ஒரு பெண் எழுதியது, ஆறேழு வயதுப் பையன் பாடம் எழுதுகிற நேரத்தில் கிறுக்கியது எல்லாம் கிடைத்திருக்கிறது. ரஷ்யாவின் வடமேற்கில், வோல்கோவ் ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் நோவ்கோரோத் நகரம்.

முதலில் அந்த ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். களிமண், எந்நேரமும் ஈரம், தண்ணீர் வடியாது. காற்று உள்ளே போகாததால் மரமும் தோலும் மக்காமல் அப்படியே கிடக்கின்றன. தெருவுக்கு மரக்கட்டைகளைத்தான் பாவியிருந்தார்கள். சேறும் குப்பையும் ஏற ஏற, பழைய கட்டைகளைப் பெயர்த்துப் போடாமல் அவற்றின் மேலேயே புதிய கட்டைகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். பெரிய தெரு என்று பெயர் கொண்ட ஒரு தெருவில் மட்டும் இப்படி 28 அடுக்குகள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து, அடியில் இருப்பது 953, உச்சியில் இருப்பது 1462 என்று ஆண்டுக் கணக்கோடு சொல்லியிருக்கிறார்கள். அதனால் எந்த அடுக்கில் ஒரு பொருள் கிடைக்கிறதோ அதை வைத்தே அதன் காலத்தை ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

1951 ஜூலை 26 அன்று, ஆர்ட்சிகோவ்ஸ்கி என்ற தொல்லியலாளரின் தலைமையில் நடந்த அகழாய்வில் நீனா அக்குலோவா என்ற தொழிலாளி, பாவுகட்டைகளின் இடுக்கிலிருந்து சுருண்டு கிடந்த ஒரு பிர்ச் மரப்பட்டையை எடுத்தார். மண்ணைத் தட்டிப் பார்த்தால் எழுத்து. ஆர்ட்சிகோவ்ஸ்கிக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லையாம். அந்த முதல் பட்டையில் இருந்தது ஊர் ஊராக வரவேண்டிய வரிக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அன்று திறந்த வழி இன்னும் மூடவில்லை. நோவ்கோரோத்தில் மட்டும் இதுவரை 1,100க்கும் மேல் கிடைத்திருக்கின்றன, 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை. பெரும்பாலும் மை கிடையாது, இரும்பிலோ எலும்பிலோ செய்த எழுத்தாணியால் பட்டையின் மெத்தென்ற உட்புறத்தில் அழுத்திக் கீறுவார்கள். படித்தானதும் தெருவில் போட்டுவிடுவார்கள். பத்திரப்படுத்த வேண்டும் என்று யாரும் நினைக்காத எழுத்து இது. மடங்களில் பத்திரப்படுத்தியது பெரும்பாலும் மடங்களுக்கு வேண்டியதை. அதை மட்டுமே பார்த்துவிட்டு மற்றவர்கள் எழுதவே இல்லை என்று முடிவு கட்டினால், எஞ்சியதை வைத்து இருந்ததை அளக்கிறோம் என்றுதான் ஆகிறது.

14ஆம் நூற்றாண்டுக் கடைசியில் போரிஸ் என்பவர் நஸ்தாஸ்யாவுக்கு எழுதியிருக்கிறார்: இந்தக் கடிதம் வந்ததும் ஒரு ஆளைக் குதிரையில் அனுப்பு, எனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது, அப்புறம் சட்டை ஒன்று கொடுத்தனுப்பு, மறந்துவிட்டேன். இவ்வளவுதான் கடிதம். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு "இடைக்கால மனிதன்" என்று பொதுவாகப் பேசவே வாய் வருவதில்லை.

1993இல் கிடைத்த 752ஆம் எண் கடிதம் இன்னும் பழையது, 11ஆம் நூற்றாண்டின் முடிவு. எழுதியது ஒரு பெண். மூன்று தடவை உனக்குச் சொல்லி அனுப்பினேன், என் மேல் என்ன கோபம், ஏன் வரவில்லை, உன்னை ஒரு சகோதரனைப் போல நடத்தினேனே, ஆள் அனுப்பியதே தப்பாகப் போய்விட்டதா என்று கேட்கிறாள். பிடித்திருந்தால் ஊர்க் கண்ணிலிருந்து நழுவி வந்திருப்பாய் என்கிறாள். என் புத்திக் குறைவால் உன்னைப் புண்படுத்தியிருந்தாலும், நீ என்னைக் கேலி செய்தால் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று முடிக்கிறாள். நடுவில் ஒரு பகுதி இல்லை. கிடைத்ததும் முழுப் பட்டையாகக் கிடைக்கவில்லை. நீளவாக்கில் கீற்றாகக் கிழிபட்டு, முடிச்சுப் போட்ட நிலையில் கிடைத்தது. வாங்கியவன்தான் படித்துவிட்டுக் கிழித்து முடிந்து எறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் எழுதியதும் அவன் செய்ததும் ஒரே பட்டையில் இருக்கின்றன.

சரி, சின்னப் பிள்ளைகள். 1956இல் ஒரே இடத்தில் ஒரு பையனின் பட்டைகள் கொத்தாகக் கிடைத்தன. பெயர் ஒன்ஃபிம். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, அவனுக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும். பட்டைப் பெட்டி ஒன்றின் நீள்வட்டமான அடிப்பாகத்தில் அகரவரிசை எழுதியிருக்கிறான், பிறகு நம் பிள்ளைகள் க, கா, கி, கீ எழுதுவது போல எழுத்துக்கூட்டி வரிசை. திருப்பினால் கழுத்து நீண்ட, வால் சுருண்ட ஒரு மிருகம், பக்கத்தில் "நான் காட்டு விலங்கு" என்ற எழுத்து, அதற்கும் மேலே "ஒன்ஃபிமிடமிருந்து தானிலோவுக்கு வணக்கம்". இன்னொரு பட்டையில் குதிரைவீரன் கீழே விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறான், வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறான். அவன் வரையும் மனிதர்களுக்குக் கை என்றால் குப்பைவாரி மாதிரி நாலைந்து கோடு. ஒரு கைக்கு மூன்று விரல், இன்னொரு கைக்கு ஐந்தையும் தாண்டிப் போய்விடும்.

ஆய்வாளர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. முதல் முப்பது ஆண்டுகள் இந்தக் கடிதங்களில் எழுத்துப்பிழை மலிந்திருப்பதாகப் பலர் நினைத்தார்கள். பாவம், அரைகுறைப் படிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்திரேய் சலிஸ்னியாக் என்ற மொழியியலாளர் 1980களில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். சில உயிரெழுத்துகளை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றி எழுதுவது ஒரு முறையாகவே புழங்கியிருக்கிறது, நூல்களுக்கு ஒரு எழுத்து வழக்கும் அன்றாடத்துக்கு இன்னொன்றும் இருந்திருக்கிறது என்று காட்டினார். 247ஆம் எண் கடிதத்தில் பூட்டு, கதவு இரண்டையும் ஒட்டி "கேல்" என்று தொடங்கும் ஒரு சொல் வருகிறது. துறவியின் அறையைக் குறிக்கும் சொல் என்று முதலில் படித்தார்கள். அறையின் பூட்டு, அறையின் கதவு என்று பொருள் கொண்டார்கள், கடிதம் ஒன்றும் விளங்கவில்லை. அது "த்ஸேல்", அதாவது முழுசாக, சேதமில்லாமல் என்ற சொல்தான் என்றார் சலிஸ்னியாக். ரஷ்ய மொழியின் இனமான மற்ற ஸ்லாவிய மொழிகளில் அந்த இடத்துக் ககரம் த்ஸ என்று மாறிவிட்டது, இந்த ஊர்ப் பேச்சில் மாறவில்லை. அப்படிப் படித்தவுடன் கடிதம் தெளிந்துவிட்டது: திருட்டுப் பழி சுமத்துகிறார்கள், ஆனால் பூட்டும் அப்படியே இருக்கிறது, கதவும் அப்படியே இருக்கிறது, வீட்டுக்காரர் புகாரும் கொடுக்கவில்லை. எழுதிய ஆள் எழுத்தறியாதவர் என்ற எண்ணத்தை விட்ட பிறகுதான், அவர் எழுதியபடியே படிக்க முடிந்தது.

இதை வைத்து நோவ்கோரோத்தில் எல்லாருக்கும் எழுதத் தெரியும் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள், அதுவும் தப்பு. சில கடிதங்களைச் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருக்கலாம், வாங்கியவருக்கு யாராவது படித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் கடிதம் எழுதுவது அங்கே சாதாரண வீட்டுக் காரியம், பெண்கள் அதற்கு வெளியே இல்லை. இவ்வளவு தைரியமாகச் சொல்லலாம்.

ரஷ்யா சரி, மேற்கே எப்படி என்று கேட்பீர்கள். மேற்கு ஐரோப்பாவில் படித்தவன் என்றால் லத்தீன் தெரிந்தவன் என்றுதான் அர்த்தம், அதனால் படிக்காதவன் என்று ஒரு ஆவணம் சொன்னால் தாய்மொழியில் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நார்வேயின் பெர்கன் நகரில், 1955இல் துறைமுகத்துப் பழைய வீடுகள் தீப்பிடித்து எரிந்த பிறகு அந்த இடத்தைத் தோண்டினார்கள். அங்கேயும் ஈர மண், அங்கேயும் மரம் மிஞ்சியிருந்தது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் கீறிய குச்சிகளும் மற்றப் பொருள்களுமாகச் சுமார் 670 கிடைத்தன. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச் சீட்டு, காதல் வரி, வேண்டுதல் எல்லாம் உண்டு. ஒரு குச்சியில் ஒரே வாக்கியம்: "கீடா சொல்கிறாள், நீ வீட்டுக்குப் போ."

அந்த மாணவிக்கு முதலில் ஒன்ஃபிமின் படங்களைக் காட்டுங்கள். இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். எதுவும் விளக்காமல், விரல்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா