செப்பாங் கார்ப்பந்தய ஓடுதளத்தில் பிரேக் மிதி ஏன் தொய்கிறது?

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துக்கு அருகே வசிக்கும் நீங்கள், மாதம் ஓரிரு முறையே ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரில், பிரேக் பேட் தேயாதபோதும் செப்பாங்கில் சில சுற்றுகளிலேயே மிதி தொய்ந்துவிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழுது பெரும்பாலும் பிரேக் எண்ணெயில்தான் இருக்கும். பேட் சூடேறி வலுவிழந்தால் மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. மிதி பஞ்சுபோல் இறங்கினால், எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன என்று பொருள். ஆவி அமுங்கிவிடுவதால், காலின் அழுத்தம், பேடை வட்டின்மீது அழுத்தும் காலிப்பரை முழுமையாகச் சென்றடைவதில்லை.

கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; வண்டி ஓடாமல் நின்றாலும், ரப்பர் குழாய்களின் வழியே நம் ஊர்ப் புழுக்கம் அதற்குள் சென்றுகொண்டேதான் இருக்கும். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் எண்ணெய்த் தரத்தின்படி புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த எண்ணெய்க்கோ அந்த வரம்பு 155 டிகிரிதான். செப்பாங்கின் நீண்ட நேர்ப்பாதை முடிவில் அழுத்தி மிதிக்கும் பிரேக், அந்த வெப்பத்தை எளிதில் எட்டிவிடும்.

ஆகவே ஆண்டுக்கொரு முறையும், ஓடுதளத்துக்குச் செல்லுமுன்பும் எண்ணெயை மாற்றுங்கள். பட்டறை அலமாரியில் மூடி திறந்து பாதி மீந்திருக்கும் புட்டியை ஏற்காதீர்கள். பெரிய காலிப்பருக்குப் பல்லாயிரம் ரிங்கிட் செலவழித்துவிட்டு, எண்ணெய்க்குக் கணக்குப் பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. சிலிகானால் ஆன டாட் 5 எண்ணெயை மட்டும் கிளைகால் வகை எண்ணெயுடன் கலக்கவே கூடாது.