அழுதாலும் பெரிதாகாத கட்டி: குழந்தைக்கு சிடி ஸ்கேன் வேண்டுமா?

எட்டு மாதப் பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பின் வலது வெளி இதழில் மெத்தென்று ஒரு கட்டி, இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது, வலி இல்லை. ஒரு டாக்டர் ஹெர்னியா (குடலிறக்கம்) என்கிறார், இன்னொருவர் கொழுப்புக்கட்டி என்கிறார், தெரிந்த ஒருவர் சிடி ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார், இது புற்றுநோயா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்கிற மாதிரி மெத்தென்று, வலியில்லாமல் இருக்கும் கட்டி இந்த வயதில் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. குழந்தைகளுக்கு வரும் கொழுப்புக்கட்டிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பெரியவர்களுக்கு வருகிற அதே லிப்போமா. இன்னொன்று லிப்போபிளாஸ்டோமா, முதிராத கொழுப்புச் செல்களிலிருந்து கிளம்புவது, பெரும்பாலும் 3 வயதுக்குள் வரும். இது சில சமயம் வேகமாகவே வளரும், ஆனால் வேறு உறுப்புக்குப் பரவாது. கை, கால், முதுகில்தான் அதிகம், பிறப்புறுப்பில் அபூர்வம், அதனால் அந்த இடத்தில் வீக்கம் என்றாலே பலருக்கும் ஹெர்னியாதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஹெர்னியாவா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். குழந்தை அழும்போது வீக்கம் பெரிதாகிறதா, தூங்கும்போது சுருங்குகிறதா, மேலே தொடை இடுக்கு வரை தொடர்கிறதா என்று பாருங்கள். கொழுப்புக்கட்டி அழுதாலும் சிரித்தாலும் ஒரே அளவில் இருக்கும், விரலை வைத்தால் ஓரம் நழுவும், தொடை இடுக்குக்கு முன்பே முடிந்துவிடும். நீர் கோத்த வீக்கம் என்றால் இருட்டில் டார்ச் வைக்கும்போது வெளிச்சம் ஊடுருவும்.

ஆனால் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பெண் குழந்தையின் ஹெர்னியாவுக்குள் சில நேரம் குடலுக்குப் பதில் சினைப்பை இறங்கி நிற்கும். அது பாதாம் கொட்டை மாதிரி நீளுருண்டையாக, சற்றுக் கெட்டியாக இருக்கும், அழுகையோடு கூடாது குறையாது, உள்ளேயும் போகாது. கொழுப்புக்கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டால், அது முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று சினைப்பையே போய்விடலாம். அதனால் கட்டி மெத்தென்று இல்லாமல் கெட்டியாக உருண்டால், அல்லது திடீரென்று சிவந்து, தொட்டாலே குழந்தை வீறிட்டால், வாந்தி எடுத்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தள்ளி உள்ளே அனுப்பப் பார்க்காதீர்கள், எண்ணெய் தடவி உருவிவிட வேண்டவே வேண்டாம்.

சரி, ஸ்கேன். முதலில் சாதாரண அல்ட்ராசவுண்ட், குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம், சினைப்பையா கொழுப்பா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். கட்டி பெரிதாக, ஆழமாகப் போகிறது, ஓரம் தெளிவாக இல்லை என்றால் எம்ஆர்ஐ. அதில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படத்தில் கறுத்துவிடும். இந்தக் கட்டிக்கு சிடி எடுத்து என்ன கிடைக்கப்போகிறது? குழந்தைக்குக் கதிர்வீச்சுதான் மிச்சம். ஊசியிலும் வருவது துளித் திசு, லிப்போபிளாஸ்டோமாவை உறுதி செய்ய அது பெரும்பாலும் போதாது. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம், இந்தச் சிடியை எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று மட்டும் கேளுங்கள். கமிஷனுக்காகச் சீட்டு எழுதுகிற பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஐந்து ரிப்போர்ட், மூன்று ஊசி எல்லாம் ஆன பிறகு கடைசியாகத்தான் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் வருகிறார்கள். நீங்கள் முதலிலேயே அவரிடம் போங்கள்.

வளர்கிற கட்டி என்பதால் எடுத்துவிடச் சொல்வார். முழுதாக எடுப்பதுதான் சிகிச்சை, உறுதியான நோயறிதலும் அதிலிருந்துதான். எடுத்த கட்டி பத்தாலஜிக்கு, அதாவது நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கும் பரிசோதனைக்குப் போகிறதா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். பார்த்தாலே தெரிகிறது, அனுப்பத் தேவையில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திசுவில் சந்தேகம் வந்தால் லிப்போபிளாஸ்டோமாவில் காணப்படும் பிளாக்1 (PLAG1) என்ற மரபணுவின் மாற்றத்தைத் தேடிப் பார்க்க முடியும், ஆனால் தூக்கிப் போட்ட கட்டியில் எதைத் தேடுவது? லிப்போபிளாஸ்டோமா என்று வந்தால், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மறுபடி முளைக்கலாம், அதனால் சில வருடங்கள் விடாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். அறுவை நடக்கும்வரை டயப்பர் மாற்றும்போது மாதம் ஒரு முறை அளவுநாடாவால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.