தம்பிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா என்ற கேள்விக்கு

அன்புச் சகோதரிக்கு, மன அழுத்த நோயால் பல காலம் வாடித் தற்கொலை செய்துகொண்ட உங்கள் தம்பியின் ஆன்மாவுக்கு மீட்பே இல்லை என்றும், அவருக்காகத் திருப்பலி (குருவானவர் நிறைவேற்றும் பூசை வழிபாடு) கேட்பது வீண் என்றும் உறவினர் ஒருவர் உங்கள் தாயாரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அறிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மைதான். உங்கள் உறவினரின் எண்ணம் அந்தக் காலத்திலிருந்து வந்திருக்கலாம். 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயிர் கடவுளின் கொடை, அதை அழிப்பது பெரும் தவறு என்று உறுதியாகச் சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்னும் போதனைத் தொகுப்பு நூலே, கடுமையான உளநோயும் அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இவ்வாறு இறந்தவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பை அருள முடியும் என்றும் 2282, 2283ஆம் எண்களில் கூறுகிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. இந்தப் பகுதியைத் தாயாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்குக் கைம்மாறாகச் செய்ய எந்த நற்செயலும் மிஞ்சியிருக்கவில்லை. ஆயினும் இயேசு அவரை ஏற்றுக்கொண்டார். அந்த இரக்கம் உங்கள் தம்பியின் இறுதி நொடிகளை எட்டவில்லை என்று சொல்ல எந்த மனிதருக்கும் உரிமை இல்லை. நான் இதை முழுமனதோடு நம்புகிறேன்.

பங்குத்தந்தையிடம் தம்பியின் பெயரைச் சொல்லித் திருப்பலிக் கருத்து, அதாவது அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் வேண்டுதல், கொடுங்கள். நினைவு நாளிலும், இறந்தோர் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நவம்பர் 2 அன்றும் தாயாரைத் தனியே விடாமல் உடனிருங்கள்.