ராட்வீலர்: மாடு ஓட்டிய நாய் (கேள்வி பதில்)

இருபது வருடத்தில் மூன்று ராட்வீலர்களை வளர்த்தவன் என்ற தைரியத்தில் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, மருந்து மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணா, இது ரோமானியர்களின் போர் நாய் என்று விற்பவர் சொன்னார். உண்மையா?

போர் என்பது அவர் சேர்த்த மசாலா. ரோமப் படைகள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தபோது சாப்பாட்டுக்கான மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தன, அந்த மாடுகளைக் காத்த நாய்களின் வழிவந்தது இது என்பதுதான் பழைய கதை. அதற்கு வம்சப் பத்திரம் எதுவும் கிடையாது. ஊர் மட்டும் நிச்சயம். தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் ரோட்வைல். பின்னாளில் அது பெரிய மாட்டுச் சந்தை ஊர். கசாப்புக்காரர்கள் சந்தையில் வாங்கிய மாடுகளை ஓட்டிப் போகவும், கறி வண்டி இழுக்கவும் இந்த நாயை வைத்திருந்தார்கள். 'ரோட்வைல் கசாப்புக்காரர் நாய்' என்றே அப்போது பெயர். மாடு விற்ற காசை ஒரு பையில் போட்டு நாயின் கழுத்தில் கட்டிவிடுவார்களாம். எந்தத் திருடன் அதில் கை வைப்பான்?

அப்படியானால் காவல் நாயாக மாறியது எப்போது?

ரயில் வந்த பிறகு. மாடுகள் ரயிலேறின, சாலையில் மந்தை ஓட்டுவதும் நின்றது. நாய்க்கு வேலை போனது. 1882-ல் ஹைல்பிரோன் நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு ஒரே ஒரு ராட்வீலர்தான் வந்தது என்பார்கள், அதுவும் நோஞ்சான். இந்த இனத்தைக் காப்பாற்றியது போலீஸ். 1910-ல் ஜெர்மனியில் போலீஸ் நாயாக அங்கீகாரம் கிடைத்தது. 1921-ல் தனிச் சங்கமே அமைந்தது, வளர்ப்பு விதிகளை இன்றும் அந்தச் சங்கம்தான் இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

சார், எங்கள் எட்டு மாதக் குட்டி, வீட்டுக்கு வருகிறவர்களை இடுப்பால் இடித்துத் தள்ளுகிறது. கடிக்கப் போகிறதா?

இல்லை. மேலே சொன்ன கதை இந்த இடத்தில்தான் உதவும். மாட்டை ஓட்டும் நாய் எடுத்ததும் பல்லைக் காட்டாது, உடம்பால் மறித்து உடம்பால் தள்ளும். என் கருப்பி, சிலிண்டர் போட வந்தவர் சமையலறைப் பக்கம் திரும்பியதும் போய்க் குறுக்கே பக்கவாட்டில் நின்றாள். குரைக்கவில்லை. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இவளும் இடப்பக்கம். நான் "சரி, விடு" என்றதும் விலகிப் போய்ப் படுத்துக்கொண்டாள். காவல் என்பது அவ்வளவுதான். ஆனால் ஐம்பது கிலோ வந்த பிறகு அந்த இடி ஒரு பாட்டியைக் கீழே தள்ளிவிடும். இப்போதே 'உட்கார்' பழக்குங்கள், உட்கார்ந்தால்தான் தடவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடவிக் கொடுக்கும்போது உறுமுகிறது. பயமாக இருக்கிறது.

ராட்வீலர்களில் பல, சந்தோஷத்திலும் தொண்டைக்குள் கடமுடவென்று ஒரு சத்தம் போடும். காதை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். உடம்பு தளர்ந்து உங்கள் மேல் சாய்ந்தால் கொஞ்சல். விறைத்து, வாய் மூடி, கண் நிலைகுத்தினால் எச்சரிக்கை, கையை எடுத்துவிடுங்கள். எந்த உறுமலுக்கும் அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும்.

பகலெல்லாம் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்து விட்டால் நல்ல காவலாக இருக்கும் என்கிறார் அப்பா.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அப்படி வளர்வது காவல் நாய் இல்லை, பயந்த நாய். மாடு ஓட்டிய நாய் நாள் முழுக்க மனிதர்களோடும் சந்தைக் கூட்டத்தோடும் நடந்தது. எது சாதாரணம் என்று அதற்குத் தெரியும், அதனால்தான் எது சாதாரணம் இல்லை என்பதும் தெரிந்தது. சங்கிலி நீளத்துக்கு மட்டும் உலகத்தைப் பார்த்த நாய்க்குப் பால்காரரும் திருடன், பேரனின் நண்பனும் திருடன். முதல் நான்கு மாதத்தில் குடை, ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், ஓடும் குழந்தை எல்லாவற்றையும் குட்டிக்குக் காட்டுங்கள். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே போகலாம். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்த பேதியும் வரவைக்கும் பார்வோ வைரஸ் இந்த இனத்தைச் சற்று மோசமாகவே தாக்கும்.

குழந்தை இருக்கும் வீட்டில் வளர்க்கலாமா?

அமைதியான, குழந்தைகளிடம் பிரியமான நாயாக இருக்க வேண்டும் என்று இனத்தின் அதிகாரபூர்வ விதியே சொல்கிறது. அதை நம்பிக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். எந்த நாயாக இருந்தாலும் இதுதான்.

தடை வந்ததே, என்ன ஆயிற்று?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது, அதில் இதுவும் இருந்தது. ஏப்ரலில் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. இப்போது உங்கள் ஊர் விதி என்ன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

'ஜெர்மன் லைன், ஹெவி போன்' என்று விளம்பரம் பார்த்தேன். வால் வெட்டிய குட்டி.

வாலிலேயே குட்டு உடைந்துவிட்டது. ஜெர்மனியில் வால் வெட்டுவதை 1998-லேயே நிறுத்திவிட்டார்கள். எலும்புப் பருமனை விடுங்கள், தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். தாயின் அருகே போய் உட்கார்ந்து பாருங்கள். தாயை வெளியே கொண்டுவர முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டு. வீட்டுக் காவலுக்கு ஒன்று வாங்கலாமா?

வேண்டாம். கேமரா வாங்குங்கள்.