சாஞ்சி பார்க்க விதிஷாவில் தங்குங்கள்

கேள்வி: டிசம்பரில் போபாலுக்கு ரயிலில் போகிறோம். சாஞ்சிக்காக இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. போபாலிலேயே தங்கிப் போய்வரலாமா? பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: போய்வரலாம், ஒரு பகலில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு நாள் இருக்கும்போது ஒரு இரவாவது விதிஷாவில் தங்குங்கள் என்பேன். போபாலிலிருந்து வடகிழக்கே ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல வரும். டெல்லி, சென்னை முதன்மைத் தடத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது. பழைய புத்த ஸ்தூபிகள் இருக்கும் சாஞ்சி அங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான். சாஞ்சியிலும் ஸ்டேஷன் உண்டு, ஆனால் நிற்கும் வண்டிகள் குறைவு. விதிஷாவில் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காதீர்கள். சாதாரண லாட்ஜ்கள் கிடைக்கும்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், சாஞ்சியைச் செதுக்கிய கைகள் இந்த ஊருடையவை. பெரிய ஸ்தூபியின் தெற்குத் தோரணத் (கல் வாயில்) தூணில், 'விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் இந்தச் சிற்ப வேலையைச் செய்தார்கள்' என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது. யானைத் தந்தத்தில் நுணுக்கம் பழகியவர்கள் கல்லுக்கு வந்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தத் தோரணங்களில் ஓர் அங்குலம்கூட ஏன் சும்மா விடப்படவில்லை என்பது புரியும்.

முதல் நாள் காலை உதயகிரிக்குப் போங்கள். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், ஆட்டோ போதும். மொத்தம் 20 குகைகள் உண்டு, எல்லாவற்றையும் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. முக்கியமானது ஐந்தாம் எண் குகை. அங்கே பூமித்தாயைத் தூக்கி நிற்கும் வராகர் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் அகலப் பாறையில் இருக்கிறார். மலையடிவாரத்திலேயே இருப்பதால் அம்மாவும் சிரமமில்லாமல் பார்க்கலாம். மாமல்லபுரத்து வராக மண்டபம் பார்த்தவர்களுக்கு இது தனி அனுபவம். இது அதைவிட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. பக்கத்துக் குகையில் குப்தப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தர் காலக் கல்வெட்டு இருக்கிறது, ஆண்டு கி.பி. 401-402. வராகருக்குப் பின்னால் வரிசை வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன முனிவர்களைப் பாருங்கள். அவசரமாக வருபவர்கள் அவர்களைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

திரும்பும்போது ஹீலியோடோரஸ் தூண். ஆட்டோக்காரரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பயனில்லை, 'காம் பாபா' என்று கேளுங்கள். தட்சசீலத்திலிருந்து (இன்றைய பாகிஸ்தானில் இருக்கிறது) தூதராக வந்த ஒரு கிரேக்கர், கி.மு. 113 வாக்கில் வாசுதேவனுக்கு நிறுத்திய கருடத் தூண் அது. கல்வெட்டில் தன்னைப் 'பாகவதன்', அதாவது வாசுதேவனின் பக்தன், என்றே சொல்லிக்கொள்கிறார். ஊர் மக்கள் தூணைச் சாமியாகக் கும்பிட்டுப் பூசிய செந்தூரம் அடை அடையாக ஏறியதில் எழுத்து மறைந்துவிட்டது. 1877-இல் அங்கு வந்த தொல்லியல் அறிஞர் கன்னிங்காம் கண்ணுக்கே அது படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூச்சை அகற்றிய பிறகுதான் வெளியே வந்தது. பார்ப்பதற்கு ஒற்றைத் தூண்தான், பத்து நிமிடம் போதும். இருந்தாலும் என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் விடக்கூடாத இடம் இதுதான்.

மறுநாள் முழுக்க சாஞ்சிக்கு. வண்டி குன்றின் மேலேயே போய்விடும். அப்புறம் பெரும்பாலும் சமதளம், ஸ்தூபியின் மேல் வட்டத்துக்குப் போக மட்டும்தான் படி. அம்மா கீழ் வட்டத்திலேயே சுற்றி வரலாம். அங்கே நல்ல காட்சியும் இருக்கிறது. கல் வேலியில் நூற்றுக்கணக்கான கொடையாளர் பெயர்கள் உள்ளன. துறவிகள், பிக்குணிகள், வணிகர்கள், சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் என்று ஆளுக்கொரு கல் கொடுத்திருக்கிறார்கள். தோரணங்களில் புத்தரை மனித உருவில் தேடாதீர்கள். வெறும் ஆசனம், போதி மரம், பாதச்சுவடு, இவைதான் அவர். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் கதைகள் தாமாகவே விளங்கும்.

சாஞ்சி அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது, விதிஷா அருங்காட்சியகம் திங்கட்கிழமை கிடையாது. இந்த இரண்டு கிழமைகளையும் விட்டுத் தேதி குறியுங்கள். விதிஷா அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கும் மேலான யட்சன் சிலை இருக்கிறது, அதற்காகவே அரை மணி ஒதுக்கலாம். டிசம்பர் காலையில் குளிர் நன்றாகவே இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் சாக்ஸும் கட்டாயம். உதயகிரியில் சாப்பாட்டுக் கடையை நம்ப வேண்டாம். கிளம்பும் முன் ஊரிலேயே சூடாக அவல் போஹாவும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.