கழுதைக்குத் தடை, பெட்ரோலுக்கு இல்லை

கேள்வி: சர்வாதிகாரிகள் ஒவ்வொரு நாடாகப் பிடித்துக்கொண்டே போனபோது மற்ற நாடுகள் ஏன் சும்மா இருந்தன? இரண்டாம் உலகப் போரை முன்பே தடுத்திருக்க முடியாதா?

பதினெட்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். "இரண்டாம் உலகப் போருக்கான காரணங்களை விவரி" என்ற கேள்வியைத் தூக்கத்தில்கூடத் திருத்திவிடுவேன். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் சுமத்திய வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, பொருளாதாரப் பெருமந்தம், சர்வாதிகாரிகளின் எழுச்சி, பன்னாட்டுச் சங்கத்தின் தோல்வி. நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே ரெண்டு வரி, முழு மதிப்பெண். எதுவும் தப்பில்லை. ஆனால் "எழுச்சி", "தோல்வி" என்று படித்துப் படித்து, அதெல்லாம் மழை வெயில் மாதிரி தானாக வந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்கள் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு நடந்த சங்கதி அது.

தடுத்திருக்கலாமா என்றால், தடுத்திருக்கலாம் என்பதே என் பதில். எப்போது? செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்தைப் பலரும் சொல்வார்கள். நான் 1935 நவம்பர் என்பேன்.

அதற்கு முன் ஹிட்லரைப் பற்றிக் கொஞ்சம். வெர்செய்ல்ஸ் அவமானம்தான் அவரை வளர்த்தது என்றால், 1928 தேர்தலில் அவர் கட்சிக்கு ஏன் வெறும் 12 இடம்? உடன்படிக்கை கையெழுத்தாகி ஒன்பது வருடம் ஆகியிருந்ததே. பெருமந்தம் வந்து வேலையில்லாதோர் அறுபது லட்சத்தைத் தொட்ட 1932 ஜூலையில் 230 இடம். அதே வருடம் நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது 196 ஆகக் குறைந்துவிட்டது. அதாவது இறங்குமுகத்தில் இருந்த ஆளைத்தான் முன்னாள் சான்சலர் (பிரதமர் மாதிரியான பதவி) பாப்பனும் அவர் வட்டாரமும் கிழட்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கிடம் பேசி 1933 ஜனவரி 30 அன்று சான்சலர் ஆக்கினார்கள். மந்திரிசபையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். கடிவாளம் நம் கையில் என்று பாப்பனுக்கு நினைப்பு. இரண்டே மாதத்தில், மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் தன் அதிகாரத்தைத் தானே 444 வாக்குகளால் எழுதிக்கொடுத்தது. எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டுகளை அதற்குள் சிறையிலோ தலைமறைவிலோ தள்ளியாயிற்று.

சரி, 1935-க்கு வருவோம். 1896-ல் அத்வாவில் எத்தியோப்பியர்களிடம் வாங்கிய அடியை இத்தாலி மறக்கவில்லை. அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க முசோலினி அக்டோபர் 3 அன்று படையை இறக்கினார். தாக்கப்பட்ட நாடு, போரைத் தடுக்கவென்றே நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுச் சங்கத்தின் உறுப்பினர். தாக்கிய நாடும் உறுப்பினர். சங்கம் அசைந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: மஞ்சூரியாவில் ஜப்பான் புகுந்தபோது அறிக்கையோடு நிறுத்திக்கொண்டவர்கள், இந்த முறை ஐம்பது நாடுகளைச் சேர்த்துப் பொருளாதாரத் தடை போட்டார்கள். நவம்பர் 18-ல் அமலுக்கு வந்தது.

அந்தத் தடைப்பட்டியலை வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் எழுதிப்போட்டேன். இத்தாலிக்கு விற்கக் கூடாதவை: குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம். ரப்பர். தகரம். அலுமினியம் (இது இத்தாலியிலேயே தேவைக்கு மேல் கிடைத்த உலோகம்). இரும்புத் தாது கூடாது, ஆனால் உருக்காக வாங்கிக்கொள்ளலாம். நிலக்கரிக்குத் தடை இல்லை. எண்ணெய்க்கும் இல்லை.

பின் பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "சார், அப்போ கழுதை விக்கக் கூடாது, பெட்ரோல் விக்கலாமா?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் அந்தப் பெட்ரோலில்தான் கடுகு வாயு என்ற விஷவாயுவை ஏற்றிய விமானங்கள் பறந்தன. குண்டாகப் போட்டது போதாதென்று மேலிருந்து தெளிக்கவும் செய்தார்கள். வாயுவைப் போரில் பயன்படுத்த மாட்டோம் என்று 1925-லேயே கையெழுத்துப் போட்ட நாடு அது. பாதி ஆட்களுக்குச் செருப்புகூட இல்லாத படை எதிரே நின்றது.

எண்ணெயை ஏன் விட்டார்கள்? அமெரிக்கா சங்கத்தில் இல்லை, நாம் நிறுத்தினால் அவர்கள் விற்பார்கள் என்பது ஒரு சாக்கு. எண்ணெயில் கை வைத்தால் முசோலினி போருக்கே வந்துவிடுவார், ஹிட்லருக்கு எதிராக ஒரு துணையும் போய்விடும் என்பது உள்ளே இருந்த பயம். சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. யாருக்கும் மூடக் கூடாது என்று 1888 ஒப்பந்தம் சொல்கிறதாம். இத்தாலியப் படைக் கப்பல்கள் வரிசையாகச் சுங்கம் கட்டிவிட்டுப் போயின. டிசம்பரில் பிரிட்டனின் வெளியுறவு மந்திரி ஹோரும் பிரான்சின் பிரதமர் லவாலும் ரகசியமாக ஒரு திட்டம் போட்டார்கள்: எத்தியோப்பியாவின் பெரும்பகுதி இத்தாலிக்கு, பேரரசருக்குக் கடல்வரை ஒரு ஒடுங்கின பாதை. விஷயம் பாரிஸ் பத்திரிகைகளில் கசிந்தது. "ஒட்டகங்களுக்கு ஒரு பாதை" என்று லண்டன் டைம்ஸ் தலையங்கத் தலைப்பிலேயே குத்தியது. ஹோர் பதவி போனது, எண்ணெய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

எண்ணெயை நிறுத்தியிருந்தால் ஒரே வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினியே பிற்பாடு ஹிட்லரிடம் சொன்னதாக, ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் ஷ்மிட் எழுதியிருக்கிறார். ஒரு வாரம் என்பது கொஞ்சம் வாய்ச்சவடாலாக இருக்கலாம். சொந்த எண்ணெய் ஏறக்குறைய இல்லாத நாடு எத்தனை மாதம் தாக்குப்பிடித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் பெர்லினிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1936 மார்ச் 7, சனிக்கிழமை. எல்லோர் கண்ணும் எத்தியோப்பியாவில் இருக்க, படையே நிற்கக் கூடாத ரைன்லாந்துக்குள் ஹிட்லர் தன் ஆட்களை அனுப்பினார். ரைன் நதியைத் தாண்டி உள்ளே போனவர்கள் சுமார் மூவாயிரம் பேர். பிரான்ஸ் அசைந்தால் திரும்பிவிடும் ஏற்பாட்டோடுதான் போனார்கள். பிரான்ஸ் அசையவில்லை. ஒருத்தன் பிடிபடாமல் தப்பினால் அடுத்தவனுக்குத் துணிச்சல் வரும் என்பதற்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு தேவையா என்ன.

மே 5 அன்று அடிஸ் அபாபா விழுந்தது. ஜூன் 30-ல் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவா மேடை ஏறியபோது இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். அவர்களை வெளியே இழுத்துப் போகும்வரை மனிதர் பேசாமல் நின்றார், பிறகு அம்ஹாரிக் மொழியில் பேசினார். அடுத்த மாதமே தடைகளை நீக்கிவிட்டார்கள். கழுதைக்கும் சேர்த்துத்தான்.

மியூனிக்கை நீட்ட வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். செக்கோஸ்லோவாக்கியாவை ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் என நாலு நாட்டுத் தலைவர்கள் கூறு போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டின் இரண்டு பிரதிநிதிகளை ஓட்டல் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கூப்பிட்டு முடிவைக் கையில் கொடுத்தபோது பிரிட்டன் பிரதமர் சேம்பர்லேன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாராம். அந்த இருவரில் ஒருவரான மசர்ஷிக் குறித்து வைத்திருக்கிறார். 1939 மார்ச்சில் மிச்சமும் போனபோது செக் டாங்குகளும் ஜெர்மனி கைக்கு வந்தன. அடுத்த வருடம் பிரான்சுக்குள் ஜெர்மன் தளபதி ரொம்மல் ஓட்டிப்போன படையில் அந்த டாங்குகள்தான் பெருமளவு.

எத்தியோப்பியா என்ன ஆயிற்று என்று அந்தப் பின் பெஞ்சுப் பையன் மறுநாள் வந்து கேட்டான். 1941 பிப்ரவரி, மார்ச்சில், எத்தியோப்பியாவுக்கு வடக்கே இத்தாலி பிடியில் இருந்த எரித்திரியாவின் கெரன் மலைகளில் அதே இத்தாலியரோடு பிரிட்டன் மோதியது. மலை ஏறி முட்டியவை 4-வது, 5-வது இந்தியப் படைப்பிரிவுகள். வண்டி ஏறாத சரிவுகளில் தண்ணீரும் குண்டும் ஆள் முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும் போயின. மலை கைக்கு வர ஏழெட்டு வாரம் ஆனது. ஹைலி செலாசி தலைநகருக்குள் திரும்பியது 1941 மே 5, ஊர் விழுந்து சரியாக ஐந்து வருடம் கழித்து.