இடப்பெயர்வு, அடையாளம், எதிர்காலம் என்று ஓவியம், ஒலி, தையல் எல்லாம் கலந்து செய்யும் கலைஞருக்கு மட்டக்களப்பில் இடமுண்டா?

உயர்தரப் பரீட்சை (ஏ/எல்) எழுதிவிட்டு, "படம் கீறி என்ன சாப்பிடப் போறாய்?" என்ற பேச்சை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன்.

நான் நாவலடிப் பிள்ளை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் குடியேறினோம். கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தபோதுதான், இடம்பெயர்ந்தவர்களை விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறவைத்து ஓவியர் சனாதனன் 2011இல் நூலாக்கிய வேலையைப் பார்த்தேன். அன்று பின்னேரமே அம்மம்மாவிடம் கொப்பியும் பென்சிலும் நீட்டினேன். பென்சிலை ஓரமாய் வைத்துவிட்டு முற்றத்து மணலில் விரலால் கீறினா. குசினி, விறாந்தை, தென்னை. எல்லாவற்றையும்விடக் கிணறுதான் பெரிசு.

அதைப் பழைய வலைத்துண்டில் நூலால் தைத்தேன். அவ கீறும்போது சொன்ன கதையையும் பதிந்து வைத்தேன். பக்கத்தில் 2054இல் நாவலடி எப்படியிருக்கும் என்று கற்பனையில் கீறினேன்: வாவிக்கு மேல் கால் நட்ட வீடுகள். அம்மம்மா கனநேரம் பார்த்தா.

"தண்ணிக்கு மேல வீடு கட்டிட்டாய் மனே, குடிக்கத் தண்ணிக்கு எங்க போற?"

சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகி, துப்புரவாக்க இறைக்க இறைக்கக் கீழேயிருந்து இன்னும் உப்பு ஏறியதைக் கண்டவ அவ. ஒரு மாதம் திரும்ப வேலை செய்தேன். ஒவ்வொரு கூரையிலும் பீலி, மழைத்தண்ணீர்த் தொட்டி. அந்தப் படம் பிறகுதான் உயிர் பிடித்தது.

கொழும்பில் ஒரு கண்காட்சிக்காரர் வலையும் குரலும் போதும், 2054 வேண்டாம் என்றார். கிழக்கிலிருந்து அழுகையைத்தான் எதிர்பார்க்கிறார்களாம். இன்றும் ஆறவில்லை. உடனே "காயத்தை மறக்கச் சொல்கிறாள்" என்று யாரும் வரவேண்டாம். அந்த அலையில் சித்தியைப் பறிகொடுத்தவள் நான். நடந்ததைச் சொல்ல எங்களுக்கு எவ்வளவு உரிமையோ, வரப்போவதைக் கீறவும் அவ்வளவு உரிமை உண்டு.

   

கேட்டதற்கு வருகிறேன். இடமுண்டு. கல்லடியில் கட்புலக் கலை படிக்கலாம், விண்ணப்பியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதற்கு முதல், இன்றைக்கே அவர்கள் சொல்லும் கதையைப் பதிந்து வைக்கத் தொடங்குங்கள். என் அம்மம்மாவின் குரல் என்னிடம் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது.